ட்ரங்குப் பெட்டியில் பட்டாளத்துக் கடிதங்கள்: கடலூர், புதுச்சேரிக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பட்டாளத்தில் இருந்த தாத்தா காலமான பிறகு அவருடைய ட்ரங்குப் பெட்டியைத் திறக்கிறார்கள். மேலே சீருடையும் பதக்கங்களும் இருக்கும், அடியில் நூலால் கட்டிய ஒரு கடிதக் கட்டு. பதக்கம் கண்ணாடிச் சட்டத்துக்குள் போய்விடுகிறது. போர்க்காலத்தில் ஊரிலிருந்து வீட்டார் எழுதிய அந்தக் கடிதங்களை என்ன செய்வதென்றுதான் தெரிவதில்லை. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, பாகூர், வில்லியனூர் பக்கத்து வீடுகளில் இப்படிப்பட்ட கட்டுகளைப் பிரித்துப் படிக்க உதவும்போது திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவை இங்கே.

கடிதத்தில் ஒன்றுமே இல்லையே. மழை, மாடு, கடன், வாய்தா என்றுதான் இருக்கிறது. இதை வைத்திருக்க வேண்டுமா?

கட்டாயம் வைத்திருங்கள். சண்டை எப்படி நடந்தது என்று எழுதத் தளபதிகள் இருக்கிறார்கள், ரெஜிமெண்ட் வரலாறுகள் இருக்கின்றன. 1943-ல் விருத்தாசலம் தாலுகாவில் ஒரு குடும்பம் எதைச் சாப்பிட்டது என்பதை எந்தத் தளபதியும் எழுதவில்லை.

1942-ல் பர்மா ஜப்பான் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அதே வருஷம் ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. சென்னையில் இருந்தவர்கள் மூட்டை முடிச்சோடு உள்ளூர்களுக்கு ஓடிவந்தார்கள். அப்புறம் ரேஷன், துணித் தட்டுப்பாடு, மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு. 'பட்டணத்துச் சித்தி குடும்பம் நம்ம வீட்டில்தான் இருக்கிறது' என்ற ஒரு வரி வந்தால், அது இந்தப் பெரிய கதையின் ஒரு துண்டு. 'கொல்லையில் மல்லாட்டை (நிலக்கடலை) போடவில்லை, கேழ்வரகு போட்டோம்' என்றால் அதுவும் அப்படித்தான். காசுப் பயிரை விட்டுச் சாப்பாட்டுப் பயிருக்கு ஏன் மாறினார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. சிப்பாய் ஊருக்கு எழுதிய கடிதங்கள் வீட்டுப் பரணில் பத்திரமாக இருந்துவிடும். ஊரிலிருந்து அவருக்குப் போனவை அப்படியல்ல. பங்கரில் நனையும், இடம் மாறும்போது விட்டுப்போகும், கிட் பேக்கில் இடமில்லாமல் எரிக்கப்படும். அதையும் மீறி ஒரு கட்டு ஊர் திரும்பியிருக்கிறது என்றால், அந்த மனிதர் அதைச் சுமந்து திரிந்திருக்கிறார் என்று பொருள். 'ஒன்றுமே இல்லை' என்று அவர் நினைக்கவில்லை.

எல்லாக் கடிதமும் ஏன் ஒரே மாதிரித் தொடங்குகிறது?

அந்தக் காலத்துக் கடித மரபு அது. மேலே பிள்ளையார் சுழி. முஸ்லிம் வீடாக இருந்தால் 786, கத்தோலிக்க வீடாக இருந்தால் சிலுவைக் குறியோ 'இயேசு மரி சூசை'யோ. அப்புறம் 'சிரஞ்சீவி மகனுக்கு அநேக ஆசீர்வாதம். இவ்விடம் அனைவரும் க்ஷேமம். அவ்விடம் உன் க்ஷேமத்திற்கு எழுதவும்.' முடிவில் 'இந்த லெட்டர் கண்டதும் பதில் போடவும்.'

இந்த வரிகளைத் தாண்டிக் குதித்துவிடாதீர்கள். வழக்கமாக 'அனைவரும்' என்று எழுதும் வீட்டில் திடீரென்று 'நானும் குழந்தைகளும் க்ஷேமம்' என்று வந்தால், விட்டுப்போன ஆள் யார் என்று தேடவேண்டும்.

பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அவர் பெயரில் கடிதம் இருக்கிறதே?

இதுதான் மிக முக்கியமான கேள்வி. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் எழுத்தறிவு பெற்றவர்கள் 18.33 சதவீதம். பெண்களில் 9 சதவீதம்கூட இல்லை. ஆக, பாட்டி சொல்ல வேறொருவர் எழுதியிருக்கிறார். பள்ளிக்கூட வாத்தியார், தபால்காரர், கணக்குப்பிள்ளை, ஐந்தாம் வகுப்பு படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன், யாராகவும் இருக்கலாம்.

கையெழுத்தைக் கவனித்தால் ஆளைப் பிரித்துவிடலாம். வாத்தியார் எழுதினால் 'தங்கள் நலனை அறிய ஆவலாயுள்ளேன்' என்று போகும். பையன் எழுதினால் பாட்டி பேசியது அப்படியே இறங்கும்: 'வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டுது, ஒண்ணு செத்துப்போச்சி.' என்னைக் கேட்டால் பையன் எழுதிய கடிதம்தான் தங்கம். தென்னாற்காட்டு வாய்மொழி அந்தத் தப்பும் தவறுமான எழுத்தில் அப்படியே இருக்கிறது. படியெடுக்கும்போது எழுத்துப்பிழையைத் திருத்தித் தொலைத்துவிடாதீர்கள்.

இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. திண்ணையில் உட்கார்ந்து, மாமியாரும் நாத்தனாரும் கேட்டுக்கொண்டிருக்க, ஊர் வாத்தியாரிடம் ஒரு இளம் மனைவி கணவனுக்கு என்ன சொல்லிவிட முடியும்? அவன் பெயரையே வாயால் சொல்லமாட்டாள். 'அவுங்களுக்கு' என்பாள், வாத்தியார் பழைய உறையைப் பார்த்து நம்பரும் பெயரும் எழுதிக்கொள்வார். அந்தப் பக்கமும் அதே கதைதான். கடிதம் போய்ச் சேர்ந்த இடத்தில் படிக்கத் தெரிந்த ஒரு சிப்பாய் நாலு பேருக்கு நடுவில் உரக்கப் படித்துக் காட்டியிருப்பார். அதனால் 'உன் சம்சாரம் க்ஷேமம்' என்ற ஒற்றை வரியை வைத்து அந்தத் தம்பதிக்குள் பாசம் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். 'சின்னவன் உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான்' என்று வந்தால், கேட்டது சின்னவன் மட்டும்தானா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தேதியே இல்லை. எந்த வருஷத்துக் கடிதம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தேதி இருக்கும், நமக்குத்தான் அடையாளம் தெரிவதில்லை. ௵ என்றால் வருஷம், ௴ மாதம், ௳ நாள். எண்கள் தமிழ் எண்களாக இருக்கலாம். 'சித்திரபானு ௵ ஐப்பசி ௴ ௧௫ ௳' என்றால் 1942 அக்டோபர் கடைசி. முதல் உலகப் போர்க் கடிதங்களில் ஆனந்த (1914-15) தொடங்கி ராட்சச, நள, பிங்கள, காளயுக்தி (1918-19) வரை வரும். இரண்டாம் போரில் பிரமாதி (1939-40) முதல் பார்த்திப (1945-46) வரை. சீனப் போர் சுபகிருது, 1965 போர் விசுவாவசு, 1971 போர் விரோதிகிருது. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும் என்பதால் தபால்தலையையும் சேர்த்துப் பாருங்கள்.

தபால்தலைகள் நல்ல சாட்சிகள். ஐந்தாம் ஜார்ஜ் முகமா ஆறாம் ஜார்ஜ் முகமா என்பதிலேயே எந்தப் போர் என்று தெரிந்துவிடும். பிரெஞ்சு இந்தியத் தலைகளில் 1923-லிருந்து விலை பணம், காசு என்ற கணக்கில் இருக்கும். ஒரு பணத்துக்கு 24 காசு, ஒரு ரூபாய்க்கு 8 பணம். அவற்றின்மேல் 'பிரான்ஸ் லிப்ர்' (சுதந்திர பிரான்ஸ்) என்று கூடுதலாக அச்சடித்திருந்தால் அது 1940-களின் தொடக்கம். புதுச்சேரி 1940 செப்டம்பரில், ஜெர்மனிக்குப் பணியாத சுதந்திர பிரான்சின் தலைவர் தெ கோல் பக்கம் சேர்ந்ததன் அடையாளம் அது. 1971 நவம்பர் 15 முதல் 1973 மார்ச் வரை, வங்கதேச அகதிகள் நிவாரணத்துக்காகத் தபால்களில் 5 பைசாத் தலை ஒன்று கூடுதலாக ஒட்டவேண்டியிருந்தது. போஸ்ட்கார்டுக்கு விலக்கு. இன்லேண்ட் லெட்டரில் அந்தச் சின்னத் தலை இருந்தால் காலம் தானாகவே தெரிந்துவிடும்.

முகவரியும் உதவும். ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல்தான் வந்தது. 'தென் ஆற்காடு ஜில்லா' என்று இருந்தால் 1993-ல் மாவட்டம் பிரிந்ததற்கு முந்தையது என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம், சில பெரியவர்கள் அதற்கப்புறமும் பழக்கத்தில் அப்படியே எழுதினார்கள் என்றாலும். லை, ணை, னை எழுத்துகளுக்கு யானைத் தும்பிக்கை மாதிரிக் கொம்பு போட்டிருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் பள்ளிக்கூடம் போனவர் எழுதியது. எழுதிய வருஷம் அதில் தெரியாது, எழுதியவரின் வயதுதான் தெரியும். பழைய உறைகளில் 'கூடலூர்' என்று பார்த்து நீலகிரிக்குப் போய்த் தேட வேண்டாம். நம் கடலூரைத்தான் அப்படி எழுதினார்கள்.

முகவரியில் ஊர் பெயரே இல்லை. '56 ஏ.பி.ஓ.' என்பது எங்கே இருக்கிறது?

அது ஓர் ஊர் இல்லை. ராணுவத் தபாலின் பொது முகவரி. 56 ஏ.பி.ஓ. தபால் டெல்லியிலும் 99 ஏ.பி.ஓ. தபால் கொல்கத்தாவிலும் சேர்ந்து, அங்கே யூனிட் வாரியாகப் பிரித்து அனுப்பப்படும். பட்டாளம் எங்கே நிற்கிறது என்று உறையைப் பார்த்து யாரும் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. அதனால் குறிஞ்சிப்பாடியில் இருந்த அம்மாவுக்கும் தெரியாது. லடாக் பனியில் நிற்கும் மகனுக்கு 'வெயிலில் அலையாதே' என்று எழுதிய தாய்மார்கள் உண்டு.

இடம் தெரியவேண்டுமானால் அவர் அனுப்பிய உறைகளைப் பாருங்கள். களத் தபால் நிலைய முத்திரையில் ஓர் எண் இருக்கும். எந்த எண் எந்தத் தேதியில் எங்கே இருந்தது என்பதற்கு ராணுவத் தபால் சேகரிப்பாளர்கள் பட்டியல்கள் தயாரித்திருக்கிறார்கள். மெட்ராஸ் ரெஜிமெண்ட் ஆளாக இருந்தால் பணி ஆவணம் நீலகிரி வெலிங்டனில், 'தம்பி'கள் என்று பெயரெடுத்த மெட்ராஸ் சாப்பர்ஸ் (ராணுவப் பொறியாளர் பிரிவு) ஆளாக இருந்தால் பெங்களூரில். ஆர்மி நம்பர் இல்லாமல் எழுதினால் பதில் வருவது சிரமம். முதலில் டிஸ்சார்ஜ் புத்தகத்தைத் தேடுங்கள். எழுதத் தெரியாவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்கலாம்.

சில வரிகள் மையால் அடிக்கப்பட்டிருக்கின்றன. சென்சாரா?

இரண்டு உலகப் போர்களின் கடிதம் என்றால் பெரும்பாலும் ஆமாம். முதல் போரில் பிரான்சின் பூலோன் நகரில் ஈவ்லின் ஹோவெல் என்ற அதிகாரியின் கீழ் இந்தியத் தபால்களைப் படித்துப் பார்க்க ஓர் அலுவலகமே நடந்தது. வட இந்தியச் சிப்பாய்கள் இந்தியப் படையைக் கருமிளகு என்றும் வெள்ளைக்காரப் படையைச் சிவப்பு மிளகு என்றும் மறைபொருளாக எழுதியதை அந்த ஆட்கள் கண்டுபிடித்துக் குறித்து வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்து ஆட்கள் பிரான்சைவிட மெசபடோமியாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும்தான் அதிகம் இருந்தார்கள். 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் இறங்கிய படையில் மெட்ராஸ் படைப்பிரிவுகள் இருந்தன.

ஆனால் அரசாங்க சென்சாரைவிடக் கடுமையானது வீட்டு சென்சார். 'சண்டையில் இருக்கிறவனுக்கு இதைச் சொல்லலாமா' என்று முக்கால்வாசிச் செய்தியை மறைத்துவிடுவார்கள். மாடு செத்தது வராது, நிலம் போக்கியத்துக்குப் போனது வராது. அம்மா இறந்ததையே லீவில் வரும்வரை சொல்லாமல் இருந்த குடும்பங்கள் உண்டு. அப்படியே எழுதியிருந்தாலும், சாவுச் செய்தி வந்த காகிதத்தை வீட்டில் வைக்கக் கூடாது, படித்ததும் கிழித்துப் போடவேண்டும் என்பது நம் வழக்கம். ஆகவே கட்டில் மரணச் செய்தியே இல்லையென்றால் அந்த வருஷங்களில் யாரும் சாகவில்லை என்று எண்ண வேண்டாம். மூலையில் மஞ்சள் தடவியவை மட்டும் நிறைய இருக்கும்.

எங்கள் தாத்தா சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய்). பிரெஞ்சுப் பட்டாளத்துக் கடிதங்கள் வேறு மாதிரியா?

விஷயம் அதேதான். சம்பா நடவு, வில்லியனூர் மாதா கோயில் திருவிழா, வீராம்பட்டினம் ஆடித் தேர், அக்காவுக்கு மாப்பிள்ளை பார்ப்பது. வித்தியாசம் உறையில் இருக்கிறது. ஊர் பெயருக்குப் பதிலாக 'செக்தர் போஸ்தால்' என்று ஓர் எண் இருக்கும், நம் ஏ.பி.ஓ. மாதிரி. முதல் உலகப் போரின்போதே பிரெஞ்சுக்காரர்கள் இந்த முறையைத் தொடங்கிவிட்டார்கள்.

பிரெஞ்சு அரசின் 1881 ஆணைப்படி இந்துச் சட்டத்தையும் சாதி வழக்கத்தையும் விட்டுப் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற குடும்பங்களிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்கள் நிறைய. அப்படிப்பட்ட வீடுகளில் பிரெஞ்சிலும் கடிதம் இருக்கும். மகன் பிரெஞ்சில் எழுத, அப்பா தமிழில் பதில் போட்டதும் உண்டு.

இந்தோசீனக் காலத்துக் கட்டு, அதாவது 1946 முதல் 1954 வரையுள்ளது, இருந்தால் மிகவும் கவனமாகப் பிரியுங்கள். 1954 மே மாதம் வியட்நாமில் பிரெஞ்சுப் படையின் தளமான தியென் பியென் பூ விழுந்தது. அதே வருஷம் நவம்பர் 1-ல் புதுச்சேரி இந்தியா கைக்கு வந்தது. அங்கே மகன் பிரெஞ்சுக் கொடிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்க, இங்கே ஊரில் அந்தக் கொடி இறங்கிக்கொண்டிருந்தது. 'நீ திரும்பி வந்தால் எந்த சர்க்கார் பென்ஷன் கொடுக்கும்' என்று ஒரு தகப்பன் கேட்டிருந்தால் அதைவிட நியாயமான அரசியல் கேள்வி கிடையாது. 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது எந்தக் குடியுரிமை என்று தேர்ந்தெடுக்க ஆறு மாதம் கொடுத்தார்கள். அந்த ஆறு மாதத்துக் கடிதங்களில் குடும்பச் சண்டையே நடந்திருக்கும், அப்போது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த பிள்ளைகளில் சிலர் அல்ஜீரியப் போரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

முதல் போரில் இறந்தவர் என்றால் பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் 'மெமுவார் தேஸ் ஓம்' இணையதளத்தில் பெயரைத் தேடலாம், இலவசம். பிறந்த ஊரும் அதில் இருக்கும். பெயர் எழுத்துக்கூட்டு தாறுமாறாக இருக்கும் என்பதால் ஒலியை வைத்துப் பல விதமாகத் தட்டிப் பாருங்கள். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் 1938-ல் திறந்த போர் நினைவுச் சின்னம் இவர்களுக்கானதுதான். காலனி நிர்வாகக் கோப்புகள் பிரான்சின் ஏக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

1971 போர்க் கடிதம் என்கிறார்கள். ஆனால் அதில் போரைப் பற்றிப் பேச்சே இல்லையே?

அந்தப் போர் நடந்தது டிசம்பர் 3 முதல் 16 வரை, அவ்வளவுதான். ரேடியோவில் செய்தி கேட்டுப் பதறி எழுதிய கடிதம் யூனிட்டைத் தேடிப் போய்ச் சேர்வதற்குள் சண்டை முடிந்திருக்கும். டிசம்பர் கடைசி, ஜனவரித் தேதியிட்டவற்றைப் பாருங்கள், அதில்தான் எல்லாம் கொட்டியிருக்கும்.

தாத்தாவின் அண்ணன் சிங்கப்பூரில் இருந்தார். 1942-க்குப் பிறகு ஒன்றுமே வரவில்லை.

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தபோது பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்கள் கைதானார்கள். சிலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள், பலர் முகாம்களில் இருந்தார்கள். ஜப்பானியர் வசம் இருந்த கைதிகளுக்குத் தபால் போவதே அபூர்வம். ஒரு கட்டத்தில் வீட்டார் 25 சொல்லுக்கு மேல் எழுதக்கூடாது என்று கட்டுப்பாடும் இருந்தது. அதனால் மௌனம் என்பது மறதி இல்லை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயர், படைப்பிரிவு வைத்துத் தேடுங்கள். பர்மாவில் இறந்து கல்லறை தெரியாதவர்கள் சுமார் 27,000 பேரின் பெயர்கள் யாங்கூன் அருகே தாவ்க்யானில் உள்ள நினைவிடத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அதையும் பாருங்கள்.

தானே புயலில் கூரை போய் எல்லாம் நனைந்தது. எழுத்து ஊதா நிறத்தில் ஊறியிருக்கிறது. ஏதாவது செய்ய முடியுமா?

ஊதா என்றால் காப்பியிங் பென்சில். போர்க்காலத்தில் மைக்குப் பதிலாக அதைத்தான் நிறையப் பயன்படுத்தினார்கள். காய்ந்திருக்கும்போது சாதாரணப் பென்சில் மாதிரி இருக்கும், ஈரம் பட்டால் ஊதாவாக ஊறும். ஊறியதைத் திரும்பக் கொண்டுவர முடியாது, மேற்கொண்டு ஊறாமல் தடுக்கலாம். ஒட்டிக்கொண்ட மடிப்பைப் பிரிக்க ஆவி காட்டுவது, தண்ணீர் தொடுவது எதுவும் கூடாது.

2011 டிசம்பரில் தானே, 2015 வெள்ளம், 2024-ல் ஃபெஞ்சல் என்று நமக்கு மாற்றி மாற்றி வந்துகொண்டே இருப்பதால் ஒன்று சொல்கிறேன்: பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். நனைந்துவிட்டால் வெயிலில் போடாமல், இஸ்திரிப் பெட்டி வைக்காமல், நிழலில் காற்றாடக் காயவையுங்கள். கீழே மை இல்லாத வெள்ளைத் தாள் விரித்து, ஈரமானால் மாற்றுங்கள். செய்தித்தாள் வேண்டாம், அதன் மை ஏறிவிடும். துருப்பிடித்த குண்டூசி, ஸ்டேப்பிள் பின்னை மெதுவாக எடுத்துவிடுங்கள். உடனே இரண்டு பக்கமும் உறையும் சேர்த்து போட்டோ எடுங்கள். பகல் வெளிச்சத்தில் செல்போனே போதும்.

லேமினேட் செய்யலாமா?

வேண்டாம். செலோ டேப்பும் வேண்டாம்.

தபால்தலை சேகரிப்பவர் நல்ல விலை கேட்கிறார்.

உங்கள் சொத்து, உங்கள் விருப்பம். ஆனால் தலையை மட்டும் வெட்டிக் கொடுத்தால் இரண்டுக்குமே மதிப்புப் போய்விடும். விற்பதென்றாலும் முதலில் உள்ளே இருப்பதை முழுதும் படியெடுத்துக்கொள்ளுங்கள். வாங்குபவருக்கு முத்திரைதான் வேண்டும், அத்தையின் கல்யாணச் செலவுக் கணக்கு வேண்டாம்.

ஃபேஸ்புக்கில் போடலாம் என்றால் பெரியப்பா மகன் சண்டைக்கு வருகிறார்.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கும். அந்தக் கடிதங்களில் யார் யாரிடம் கைமாற்று வாங்கினார், எந்தப் பங்காளி வரப்பை வெட்டினார், எந்தப் பெண் கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனாள் என்பதெல்லாம் பெயரோடு இருக்கும். அந்தப் பெயருக்கு உரியவர்களின் பேரப்பிள்ளைகள் அதே தெருவில் குடியிருப்பார்கள். குடும்பத்துக்குள் முழுப் படியையும் வைத்துக்கொண்டு, வெளியில் போடுவதில் பெயர்களை எடுத்துவிடுங்கள். ஆர்மி நம்பர், பென்ஷன் நம்பர் தெரியும் உறைகளைப் போடவே கூடாது.

தம்பி இப்போது எல்லையில் இருக்கிறான். இந்தக் காலத்திலும் கடிதம் போடலாமா? எப்படி எழுதுவது?

தாராளமாக. சிக்னல் இல்லாத இடங்களுக்கு இன்னும் கடிதம்தான் போகிறது. ஆர்மி நம்பர், ரேங்க், பெயர், கம்பெனி, யூனிட், கீழே 56 அல்லது 99 ஏ.பி.ஓ., 9-ல் தொடங்கும் பின்கோடு. இவை எல்லாவற்றையும் அவனிடமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவன் எந்த ஊரில் இருக்கிறான் என்று உங்களுக்குத் தெரிந்தாலும் உறையில் எழுதக்கூடாது. உள்ளேயும் 'எங்கே இருக்கிறாய், எத்தனை பேர் இருக்கிறீர்கள்' என்று கேட்டு அவனைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

என்ன எழுதுவது என்று தெரியாவிட்டால் உங்கள் தாத்தாவுக்கு வந்த கட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் பாருங்கள். வீராணத்தில் தண்ணீர் எவ்வளவு, முந்திரி இந்த வருஷம் பூத்ததா, பக்கத்து வீட்டுக்காரர் புது வண்டி வாங்கிய கதை. அவனுக்கு அதுதான் வேண்டும். ஒரு போட்டோவும் வைத்து அனுப்புங்கள்.

மல்லாட்டை உருண்டை, முறுக்கு அனுப்ப வேண்டுமென்றால் தபாலை நம்புவதைவிட, அதே யூனிட்டில் லீவு முடிந்து திரும்பும் ஆள் பக்கத்து ஊரில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். அவர் கையில் இரண்டு டப்பா கொடுங்கள். ஒன்று வழியில் ரயிலிலேயே காலியாகிவிடும்.